தரங்கம்பாடி மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து

தரங்கம்பாடி மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து என்பது தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடியில் வாழும் மீனவர்களின் மரபுவழித் தன்னாட்சி அமைப்பு ஆகும். இது சட்டத்தால் உருவாக்கப்பட்ட அமைப்பு அன்று. எனினும் கடலில் எந்த வலையை இடலாம், எந்நாளில் தொழிலுக்குப் போகக்கூடாது, ஊருக்குள் எழும் வழக்கை எவ்வாறு தீர்ப்பது என்பன போன்றவற்றை நெடுங்காலமாக இதுவே முடிவு செய்து வருகிறது. இதே ஊரில் தேர்தல் மூலம் அமைக்கப்படும் பேரூராட்சி மன்றமும் இயங்குகிறது. இவ்வாறு ஓர் ஊரில் இரண்டு ஆட்சிமுறைகள் அருகருகே நிலவுவதால், பேரிடர் நிவாரணம், மீன்பிடிப் பூசல், உள்ளாட்சிப் பயிற்சி ஆகியவற்றை ஆராய்வோர் தரங்கம்பாடியைக் கவனத்திற் கொள்கின்றனர்.

ஊர்ப் பஞ்சாயத்து என்பது கிராம ஊராட்சியிலிருந்து வேறுபட்டது. பேச்சு வழக்கில் இரண்டையும் "பஞ்சாயத்து" என்றே அழைப்பதால் குழப்பம் ஏற்படுவதுண்டு. இக்கட்டுரையில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது மரபுவழி அமைப்பையும், ஊராட்சி, பேரூராட்சி என்பன சட்டவழி அமைப்புகளையும் குறிக்கும்.

பின்னணி

தரங்கம்பாடி வங்காள விரிகுடாவின் கரையில், காவிரிப் படுகையின் கிழக்கு ஓரத்தில் அமைந்துள்ளது. சோழமண்டலக் கடற்கரை எனப்படும் கரையின் ஒரு பகுதி இது. கல்வெட்டுகளில் சடங்கன்பாடி என்ற பெயர் காணப்படுகிறது. இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தது. கடல் அரிப்பினால் அக்கோயிலின் முன்பகுதி அழிந்துபோனது.

1620 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தஞ்சாவூர் நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க் நாட்டுத் தளபதி ஓவே கெட்டேக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி டேனியர் இங்கு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்தாலும், 1845 வரை தரங்கம்பாடி டேனியர் வசமே இருந்தது. அவ்வாண்டில் அது ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது.

டேனியர் ஆட்சி நகரத்தின் மதிலுக்குள் வலுவாக இருந்தது. ஆனால் உள்ளூர் மக்களின் வழக்குகளில் சாதித் தலைவர்களின் துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கிடையே நிகழ்ந்த பூசல்களைத் தீர்ப்பதில் குடியேற்ற அதிகாரிகள் பட்ட சிரமங்களை வரலாற்றாசிரியர் நீல்ஸ் பிரிம்னெஸ் 1999 இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். அரசு ஒன்றும் ஊர் ஒன்றுமாக இரண்டு அதிகாரங்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் நிலை தரங்கம்பாடிக்குப் புதியது அன்று.

நிருவாக நோக்கில் தரங்கம்பாடி முன்பு தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991 இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. 2020 இல் மயிலாடுதுறை மாவட்டம் உருவானபோது அம்மாவட்டத்தின் வட்டங்களுள் ஒன்றானது.

அமைப்பும் செயற்பாடும்

இக்கடற்கரையில் மீன்பிடித் தொழில் செய்வோரில் பெரும்பான்மையோர் பட்டினவர் சமூகத்தினர். ஒவ்வொரு மீனவ ஊருக்கும் ஒரு பஞ்சாயத்து உண்டு. அதன் உறுப்பினர்கள் பஞ்சாயத்தார் எனப்படுவர். முற்காலத்தில் நாட்டார் என்ற தலைமைப் பொறுப்பு குடும்ப வழியில் வந்தது. பிற்காலத்தில் பல ஊர்களில் ஊர்க்கூட்டம் கூடிப் பஞ்சாயத்தாரைத் தேர்ந்தெடுக்கும் முறை பரவியது. உறுப்பினர் எண்ணிக்கையும் பதவிக்காலமும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

ஊரின் அடிப்படை அலகு தலைக்கட்டு ஆகும். பொதுவாக மணமான ஆண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டாகக் கணக்கிடப்படும். ஒவ்வொரு தலைக்கட்டும் ஊருக்கு வரி செலுத்த வேண்டும். கோயில் திருவிழா, பொதுச் செலவு, வழக்குச் செலவு ஆகியன இவ்வரியிலிருந்து நடைபெறும். வரி செலுத்தும் குடும்பத்துக்கே ஊர்ப் பொதுவில் பங்கும், ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமையும் உண்டு.

ஊர்ப் பஞ்சாயத்தின் முக்கியப் பணிகள் வருமாறு:

1. கடலில் பயன்படுத்தும் வலை, தொழில் முறை ஆகியவற்றுக்கு விதி வகுத்தல்
2. படகு மோதல், வலை அறுபடல் போன்றவற்றில் இழப்பீடு தீர்மானித்தல்
3. குடும்பத் தகராறு, கடன் தகராறு ஆகியவற்றை விசாரித்தல்
4. கோயில் திருவிழாக்களை நடத்துதல்
5. அரசு அதிகாரிகளிடமும் பிற ஊர்களிடமும் ஊரின் சார்பாகப் பேசுதல்

அருகருகே உள்ள ஊர்கள் சேர்ந்து ஒரு தலைமைக் கிராமத்தின் கீழ்க் கூடுவது வழக்கம். தனி ஊரால் தீர்க்க முடியாத வழக்கு தலைமைக் கிராமத்துக்குச் செல்லும். தரங்கம்பாடி இத்தகைய தலைமைக் கிராமங்களுள் ஒன்று. சுற்றியுள்ள மீனவ ஊர்களின் பஞ்சாயத்தார் பொதுப் பிரச்சினைகளுக்காக இங்கு கூடுகின்றனர்.

நெதர்லாந்து ஆய்வாளர் மார்ட்டன் பாவிங்க் 2001 இல் வெளியிட்ட நூலில், சோழமண்டலக் கடற்கரையில் அரசின் சட்டமும் ஊரின் சட்டமும் ஒரே கடலில் எவ்வாறு செயற்படுகின்றன என்பதை விளக்கியுள்ளார். ஒரு வலை ஏழைகளின் பிடிப்பைக் குறைக்கும் என்றோ மீன்வளத்தைக் கெடுக்கும் என்றோ ஊர் கருதினால் அதற்குத் தடை விதிக்கும். தடையை மீறுவோருக்கு அபராதம் விதிக்கப்படும். அபராதமும் செலுத்தாதவர் ஊரிலிருந்து ஒதுக்கி வைக்கப்படும் நிலையும் ஏற்படும்.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 73 ஆம் திருத்தம் ஊரக உள்ளாட்சிகளையும், 74 ஆம் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளையும் கட்டாயமாக்கின. இவை இரண்டும் 1993 இல் நடைமுறைக்கு வந்தன. ஊராட்சிகளுக்கு வழங்கத்தக்க 29 துறைகளைப் பதினோராம் அட்டவணை பட்டியலிடுகிறது. மீன்வளம் அவற்றுள் ஒன்று. நகராட்சி அமைப்புகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையில் 18 துறைகள் உள்ளன. அவற்றில் மீன்வளம் இல்லை.

இவ்வேறுபாடு தரங்கம்பாடிக்கு முக்கியமானது. தரங்கம்பாடி பேரூராட்சி என்பதால் நகர்ப்புற உள்ளாட்சிகளின் வகையில் அடங்குகிறது. குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு, சாலை ஆகியன அதன் பொறுப்பு. கடலில் நடப்பவை அதன் எல்லைக்குள் வருவதில்லை. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான நீர்ப்பரப்பில் மீன்பிடித்தல் மாநில அரசின் அதிகாரத்திலும், அதற்கு அப்பால் ஒன்றிய அரசின் அதிகாரத்திலும் உள்ளது. எனவே கடற்பூசல் எழும்போது, கரையில் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றத்துக்குச் சொல்ல எதுவும் இருப்பதில்லை. அவ்விடத்தை ஊர்ப் பஞ்சாயத்து நிரப்புகிறது.

மேலும், கிராம சபை என்பது கிராம ஊராட்சிகளுக்கே உரிய அமைப்பு. பேரூராட்சிப் பகுதியில் வாழும் மீனவர்களுக்கு அது கிடைப்பதில்லை. ஊர்க்கூட்டமே அவர்கள் நேரில் பேசும் அவையாக இருந்து வந்துள்ளது. ஆனால் அந்த அவையில் பெண்களுக்கு இடம் இல்லை. மீனை ஏலம் எடுத்துத் தலைச்சுமையாகவும் பேருந்திலும் கொண்டு சென்று விற்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. மீனவர் அல்லாத சமூகத்தவருக்கும் அந்த அவையில் குரல் இல்லை. பேரூராட்சி மன்றத்திலோ பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் இட ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீட்டை 50 விழுக்காடாக உயர்த்தும் சட்டம் 2016 இல் நிறைவேறியது.

ஊர்ப் பஞ்சாயத்தின் தண்டனை அதிகாரத்தைச் சட்டம் ஏற்பதில்லை. சாதிப் பஞ்சாயத்துகளும் கட்டப் பஞ்சாயத்துகளும் சட்டத்துக்குப் புறம்பானவை என்று 2011 இல் ஆறுமுகம் சேர்வை எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. இருதரப்பும் விரும்பி ஏற்கும் சமரசம் வேறு, ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தல் வேறு என்பதே இங்கு கவனிக்க வேண்டிய எல்லைக்கோடு.

2004 ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 6,000 பேருக்கும் மேற்பட்டோர் அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தினர். தரங்கம்பாடியின் மீனவர் குடியிருப்பும் பேரழிவுக்கு உள்ளானது.

அடுத்த சில நாட்களில் உதவிப் பொருட்களோடு ஏராளமான தொண்டு நிறுவனங்கள் மாவட்டத்துக்கு வந்தன. எந்த ஊருக்கு எது தேவை என்பதை அறிய அவற்றுக்கு வழி இல்லை. மாவட்ட நிருவாகத்தின் ஆதரவோடு, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா என்ற தொண்டு நிறுவனமும் முன்னின்று நாகப்பட்டினத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்தன. ஊர் மட்டத்தில் அந்த இடைவெளியை நிரப்பியவை ஊர்ப் பஞ்சாயத்துகளே. யார் இறந்தார், யாருடைய படகு போயிற்று, எத்தனை குடும்பம் எங்கே தங்கியிருக்கிறது என்ற கணக்கு அவற்றிடம் இருந்தது. வரும் பொருளை ஓரிடத்தில் சேர்த்துச் சமமாகப் பங்கிடும் பழக்கமும் இருந்தது. பிடிபட்ட மீனைப் பங்கு வைக்கும் முறை இதற்கு முன்மாதிரியாயிற்று.

அதே கணக்கு சிலரை விட்டுவிடவும் செய்தது. தலைக்கட்டுப் பட்டியலில் இடம்பெறாத கைம்பெண்கள், தனித்து வாழும் பெண்கள், தாழ்த்தப்பட்ட சமூகத்தவர், கடலையே சார்ந்து பிழைத்தும் மீனவர் எனக் கருதப்படாத கூலித் தொழிலாளர் ஆகியோருக்குப் பல ஊர்களில் நிவாரணம் முறையாகச் சென்று சேரவில்லை என்று அக்காலத்து ஆய்வுகள் பதிவு செய்தன. படகு உதவியிலும் சிக்கல் எழுந்தது. இழந்தவருக்கு மட்டும் படகு தருவதா, ஊரில் உள்ள அனைவருக்கும் பங்கு தருவதா என்ற கேள்விக்கு நிறுவனங்களும் ஊர்களும் வேறுவேறு விடை கண்டன. பல ஊர்களில் படகுகளின் எண்ணிக்கை முன்பிருந்ததைவிடக் கூடியது.

வீடு கட்டுதல் அடுத்த பெரும் கேள்வியாக இருந்தது. 2005 மார்ச் 30 அன்று தமிழ்நாடு அரசு வெளியிட்ட 172 ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடிழந்தோர் உள்நாட்டுப் பகுதிக்குக் குடிபெயர விரும்பினால் புதிய வீடு வழங்கப்படும் என்றது. குடிபெயர விரும்பாதவர் தம் வீட்டைத் தாமே பழுதுபார்த்துக் கொள்ளலாம். அரசு உதவி கிடைக்காது. குடிபெயர்வோர் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். புதிய வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்யப்படும் என்ற விதி, ஊர் வழக்கத்தில் இல்லாத சொத்துரிமையைப் பெண்களுக்கு அளித்தது. கரையை விட்டு நகர்ந்தால் படகையும் வலையையும் கண்காணிக்க இயலாது என்பது மீனவர்களின் கவலையாக இருந்தது. தரங்கம்பாடியில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடுகளைக் கட்டித் தந்தது. இவ்வூர் மக்கள் பேரழிவிலிருந்து மீண்ட விதத்தை டென்மார்க் மானிடவியலாளர் ஃபிரீடா ஹாஸ்ட்ரப் 2011 இல் வெளியான நூலில் பதிவு செய்துள்ளார்.

சுருக்குவலைப் பூசல்

சுருக்குவலை என்பது மீன் கூட்டத்தை வட்டமாக வளைத்து, அடியில் உள்ள கயிற்றை இழுத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய வலை ஆகும். மத்தி போன்ற கூட்டமாகத் திரியும் மீன்களை ஒரே இழுப்பில் பெருமளவு பிடிக்க இது உதவும். இதற்குப் பெரிய முதலீடும் பல ஆட்களும் தேவை. சிறு படகுகளில் செவுள்வலை இடுவோர், தங்கள் பங்கு மீன் இவ்வலையால் பறிபோகிறது என்கின்றனர். கடன் பட்டு வலை வாங்கியோர், தடை விதித்தால் பிழைக்க வழியில்லை என்கின்றனர்.

தமிழ்நாடு அரசு 2000 ஆம் ஆண்டிலேயே இவ்வலைக்குத் தடை விதித்தது. எனினும் பல ஊர்களில் பயன்பாடு தொடர்ந்தது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தடையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது பூசல் முற்றியது. தரங்கம்பாடியைத் தலைமையாகக் கொண்ட ஊர்கள் தடையை ஆதரித்தன. பூம்புகார், திருமுல்லைவாசல், மடவாமேடு ஆகிய ஊர்களின் மீனவர்கள் சுருக்குவலைக்கு அனுமதி கோரினர். போராட்டங்களும், கோட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் பேச்சுவார்த்தைகளும் மாறிமாறி நடந்தன. 2022 பிப்ரவரியில் அரசு மீண்டும் தடை ஆணை வெளியிட்டது.

2023 ஜனவரி 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றை வழங்கியது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை, பதிவு செய்யப்பட்ட படகுகள் நிபந்தனைகளோடு சுருக்குவலையைப் பயன்படுத்தலாம் என்று அது கூறியது.

இப்பூசலில் ஊர்ப் பஞ்சாயத்தின் இரு முகங்களும் வெளிப்பட்டன. ஊர் சொன்னால் நூற்றுக்கணக்கான படகுகள் கரையில் நிற்கும். அதனால் அதிகாரிகள் பேச வேண்டிய தரப்பு எது என்பதில் ஐயம் இருப்பதில்லை. ஆனால் இரண்டு ஊர்களே எதிரெதிராக நிற்கும்போது, இருவரும் ஏற்கும் நடுவர் இல்லாமற் போகிறார். பழைய தலைமைக் கிராம முறை சமமான முதலீடு உள்ள மீனவர்களுக்காக உருவானது. முதலீட்டில் பெரும் ஏற்றத்தாழ்வு வந்தபின் அதன் தீர்ப்பை ஒரு தரப்பு ஏற்பதில்லை.

உள்ளாட்சிப் பயிற்சி

தமிழ்நாட்டில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கு மறைமலை நகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் பயிற்சி அளிக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சியினருக்குக் கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு நகரியல் பயிற்சி நிறுவனம் பயிற்சி அளிக்கிறது. வரவு செலவு, திட்டங்கள், மன்ற நடைமுறை ஆகியன இத்தகைய பயிற்சிகளின் வழக்கமான பாடங்கள். தேர்ந்தெடுக்கப்படாத, ஆனால் அதிகாரம் செலுத்தும் ஓர் ஊர் அமைப்போடு எவ்வாறு பேசுவது என்பது தனித் திறன். கடற்கரை உள்ளாட்சிகளுக்கு அது இன்றியமையாதது.

பூசல் நிறைந்த இடங்களில் இப்பயிற்சியின் தேவையைத் தமிழ்நாட்டின் அண்மைக் கால வரலாறு காட்டுகிறது. மதுரை மாவட்டம் மேலவளவில் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்தோரும் 1997 இல் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்தின் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் ஊரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் முறையான தேர்தல் நடைபெறாமல், 2006 இல்தான் நடந்தது. சட்டம் ஒருவரைத் தலைவராக்கினாலும் ஊர் ஏற்காதபோது அவர் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்தின.

இலங்கையின் வட மாகாணத்திலும் ஒப்பிடத்தக்க நிலை இருந்தது. போர் முடிந்த 2009 இல் யாழ்ப்பாண மாநகர சபைக்கும் வவுனியா நகர சபைக்கும், 2011 இல் பிற சபைகள் பலவற்றுக்கும் தேர்தல் நடந்தது. நீண்ட காலம் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லாத இடங்களில், உறுப்பினர்கள் சபை நடைமுறையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. 1999 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இலங்கை உள்ளூராட்சி நிறுவனம் அந்நாட்டில் இத்துறைக்குரிய பயிற்சி நிறுவனமாகும்.

இணையவழிப் பயிற்சி

தொலைவிலிருந்து பயிற்சி அளிக்கும் முயற்சிகள் காவிரிப் படுகைக்குப் புதியவை அல்ல. 2004 அக்டோபரில், ஆழிப்பேரலைக்குச் சில வாரங்களுக்கு முன்பு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு மையமும் இணைந்து செயற்கைக்கோள் வழி இணைக்கப்பட்ட ஊரக வள மையங்களைத் தொடங்கின. முதல் மையங்களுள் ஒன்று தஞ்சாவூரை அடுத்த திருவையாற்றில் அமைந்தது. பிற்காலத்தில் கைப்பேசி பரவியதால், மையத்துக்குச் செல்லாமலே பாடத்தைப் பெறும் நிலை உண்டானது.

தரங்கம்பாடி போன்ற ஊருக்கு இணையவழிப் பாடம் உருவாக்கும்போது கருத வேண்டியவை பின்வருமாறு:

1. காலம். மீனவர் விடியுமுன் கடலுக்குச் செல்வர். பெண்கள் காலை முழுதும் சந்தையில் இருப்பர். எனவே குறித்த நேரத்தில் கூடும் வகுப்பைவிட, வேண்டிய போது கேட்கக்கூடிய சிறு ஒலிப்பாடங்கள் பொருந்தும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம் நேர்முக வகுப்புகளுக்கு ஏற்றது.
2. பாடப்பொருள். மாநில அரசு, ஒன்றிய அரசு, பேரூராட்சி, மீன்வளத் துறை, ஊர்ப் பஞ்சாயத்து ஆகியவற்றில் யாருக்கு எந்த அதிகாரம் என்ற தெளிவே முதற் பாடம். கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற 1983 ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் விதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.
3. பயிற்சி வினாக்கள். நிவாரணப் பட்டியலைத் தலைக்கட்டுப்படி தயாரித்தால் யார் விடுபடுவர், குடும்ப அட்டைப்படி தயாரித்தால் யார் விடுபடுவர் என்று ஒப்பிடச் செய்யலாம். இரண்டிலும் விடுபடுவோர் உண்டு என்பதைக் கற்பவர் தாமே கண்டறிவர்.
4. கற்போர். பேரூராட்சி உறுப்பினரோடு பஞ்சாயத்தார், மீன் விற்கும் பெண்கள், மீனவர் அல்லாதோர் ஆகியோரையும் சேர்க்காவிட்டால் பழைய இடைவெளியே நீடிக்கும்.
5. பாதுகாப்பு. பூசல் நிலவும் இடத்தில் ஒருவர் வகுப்பில் சொன்ன கருத்து பதிவாகி ஊருக்குள் பரவினால் அவர் அபராதத்துக்கோ ஒதுக்கத்துக்கோ ஆளாகலாம். எனவே பெயர் வெளியிடாமல் கருத்துக் கூறும் வசதி தேவை.

இணையவழிப் பயிற்சிக்கு வரம்புகளும் உண்டு. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால் அது பெரும்பாலும் ஆண்களின் கையில் இருக்கும். சமரசம் பேசும் திறனை நேரில் பழகாமல் முழுமையாகக் கற்க இயலாது. ஆகவே இணையப் பாடமும் நேர்முகக் கூட்டமும் கலந்த முறையே ஏற்றது.

மதிப்பீடு

ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. கடல்வளத்தைப் பாதுகாத்து, பேரிடரில் முதலில் செயற்பட்டு, ஏழை மீனவருக்குப் பங்கு கிடைக்கச் செய்யும் அமைப்பு என்று ஒரு சாரார் கருதுகின்றனர். பெண்களையும் பிற சாதியினரையும் விலக்கி, சட்டம் தராத தண்டனைகளை விதிக்கும் அமைப்பு என்று மற்றொரு சாரார் குறை கூறுகின்றனர். இரண்டு கருத்துகளுக்கும் 2004 க்குப் பிந்தைய தரங்கம்பாடிக் கடற்கரையில் சான்றுகள் உண்டு.

உள்ளாட்சித் தேர்தல் நடைபெறாத காலங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் செல்வாக்குக்கு மாற்று இருப்பதில்லை. தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை பேரூராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்பில் இருந்தன. சுருக்குவலைப் பூசல் முற்றியதும் அக்காலத்திலேயே. அப்போது தரங்கம்பாடியில் மக்களின் பெயரால் பேசக்கூடிய ஒரே உள்ளூர் அவை, பெண்கள் உட்கார இடமில்லாத அந்த ஊர்க்கூட்டமாகவே இருந்தது.